சிடி மறைக்கும் பிழைகள்

2000-களில் கணினி வாங்கிய வீடுகளில் அநேகமாக எல்லோரும் ஒருமுறையாவது செய்து பார்த்த காரியம் இது. பாட்டு சிடியை டிரைவில் போடுவார்கள். விண்டோஸ் திரையில் 'டிராக்01.சிடிஏ', 'டிராக்02.சிடிஏ' என்று வரிசையாகக் கோப்புகள் தெரியும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து டெஸ்க்டாப்பில் ஒட்டினால் கண்ணிமைக்கும் நேரத்தில் வேலை முடிந்துவிடும். சிடியை வெளியே எடுத்த பிறகு அந்தக் கோப்பைத் திறந்தால் பாட்டு வராது. ஆறு நிமிடப் பாட்டின் அளவு வெறும் 1 கேபி என்று காட்டும்.

சரியாகச் சொன்னால் 44 பைட். பாட்டு தகட்டில் எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்ற குறிப்பு மட்டும்தான் அதற்குள் இருக்கிறது. அந்தக் குறிப்பையும் விண்டோஸ்தான் தன் வசதிக்கு உருவாக்கிக் காட்டுகிறது. பாட்டு சிடியில் கோப்பு என்ற ஒன்றே கிடையாது. உள்விளிம்பில் தொடங்கி வெளிவிளிம்பு வரை சுற்றிச் சுற்றிச் செல்லும் ஒரே கோடுதான் இருக்கிறது. அதில் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. அந்த எண்களை ஒன்றுகூடத் தவறாமல் கணினிக்குக் கொண்டுவருவதைத்தான் துல்லியமாக 'ரிப்' செய்வது என்கிறார்கள். கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வேலைக்குப் பின்னால் நாற்பதாண்டுக் காலப் பொறியியல் கதை ஒன்று இருக்கிறது.

நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனமும் ஜப்பானின் சோனி நிறுவனமும் சேர்ந்து 1980-இல் சிடிக்கான விதிமுறைகளை வகுத்தன. அட்டையின் நிறத்தால் அதற்குச் 'சிவப்புப் புத்தகம்' என்று பெயர். 1982 ஆகஸ்ட் 17 அன்று ஜெர்மனியின் ஹானோவர் அருகிலுள்ள லாங்கன்ஹாகன் ஆலையில் வணிகத்துக்கான தகடுகள் அச்சாகத் தொடங்கின. முதலில் வந்தது ஸ்வீடனின் அப்பா குழுவின் 'தி விசிட்டர்ஸ்'. அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று சோனியின் சிடிபி-101 கருவி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அப்போதைய கணினியின் நிலையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1983-இல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டியின் ஹார்டு டிஸ்க் 10 எம்பி. ஒரு சிடியில் இருக்கும் இசை அதைப்போல எழுபது மடங்குக்கு மேல். இந்தத் தகட்டைப் பிற்காலத்தில் மக்கள் தங்கள் கணினியில் முழுதாக இறக்கிக்கொள்வார்கள் என்று எண்ணி அன்று யாரும் திட்டமிடவில்லை. வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கேட்பவரின் காதுக்கு உறுத்தாமல் பாட வேண்டும் என்பதுதான் வடிவமைத்தவர்களின் இலக்கு. அதில் அவர்கள் அபாரமாக வென்றார்கள். இன்று ரிப் செய்பவருக்கு ஏற்படும் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த வெற்றியிலிருந்தே பிறந்தவை.

12 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாலிகார்பனேட் வட்டு அது. அதன்மேல் மிக மெல்லிய உலோகப் பூச்சு. அதற்கும் மேலே லாக்கர் என்ற காப்புப் பூச்சு, அதன்மேல் அச்சிட்ட படம். பிளாஸ்டிக்கில் பதிந்த நுண்குழிகளை 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர் கீழிருந்து படிக்கிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையிலுள்ள தூரம் 1.6 மைக்ரோமீட்டர். ஒரு தலைமுடியைத் தகட்டின்மேல் வைத்தால் அதன் அகலத்துக்குள் நாற்பதுக்கு மேற்பட்ட சுற்றுகள் அடங்கிவிடும். மொத்தக் கோட்டையும் பிரித்து நீட்டினால் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் வரும். இதில் விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்த எண்கள், இடது காதுக்கும் வலது காதுக்கும் தனித்தனியாக, ஒவ்வொன்றும் 16 பிட் அளவில் எழுதப்பட்டிருக்கின்றன.

இவ்வளவு நுண்மையான எழுத்து உள்ள பரப்பில் விரல்ரேகையும் தூசியும் கீறலும் விழாமல் இருக்காது. புத்தம்புதுத் தகட்டில்கூடப் பிழைகள் உண்டு. விநாடிக்கு 7,350 சிறு பொட்டலங்களாக வரும் தரவில் சராசரியாக 220 பொட்டலங்கள் வரை பிழைபட்டிருந்தாலும் தகடு தரமானதுதான் என்கிறது விதிமுறை. அப்படியிருந்தும் பாட்டு பிசிறில்லாமல் கேட்கிறது. காரணம் ஒரு கணிதம். 1960-இல் எம்ஐடியின் லிங்கன் ஆய்வகத்தில் பணிபுரிந்த இர்விங் ரீட், குஸ்தாவ் சாலமன் இருவரும் ஐந்தே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அனுப்பும் எண்களோடு கணக்கிட்டுச் சில கூடுதல் எண்களைச் சேர்த்தால், வழியில் சில எண்கள் அழிந்தாலும் மீதியிலிருந்து அவற்றை மீட்டுவிடலாம் என்பது அதன் சாரம். வாயேஜர் விண்கலம் யுரேனஸ், நெப்டியூன் படங்களை அனுப்பியதில் இந்தக் கணக்குக்குப் பங்குண்டு. டீக்கடைச் சுவரில் ஒட்டிய கியூஆர் கோடு ஓரத்தில் கிழிந்திருந்தாலும் பணம் போய்ச் சேருவதும் இதனால்தான்.

சிடியில் இந்தக் கணக்கோடு இன்னொரு உத்தியும் சேர்கிறது. அதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

மதுரை, சேலம், ஈரோடு, வேலூர் என்று நான்கு ஊர்ப் பெயர்களை ஒரு சீட்டில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். நான்கிலும் மூன்று மூன்று எழுத்து. இடைவெளி விடாமல் எழுதினால் 'மதுரைசேலம்ஈரோடுவேலூர்'. நடுவில் மை கொட்டி நான்கு எழுத்துகள் அழிந்தால் 'மதுரைசே....டுவேலூர்' என்று நிற்கும். அழிந்த ஊர் ஈரோடு என்று அடித்துச் சொல்ல வழியில்லை. இதையே வேறு விதமாக எழுதலாம். முதலில் நான்கு ஊர்களின் முதலெழுத்துகள், அடுத்து இரண்டாம் எழுத்துகள், கடைசியாக மூன்றாம் எழுத்துகள்: 'மசேஈவே துலரோலூ ரைம்டுர்'. வாய்விட்டுப் படிக்க முடியாத கோலம்தான். ஆனால் இதிலும் அதே இடத்தில் மை கொட்டி நடுவிலுள்ள நான்கு எழுத்துகள் போகட்டும். பழையபடி அடுக்கினால் 'ம.ரை, சே.ம், ஈ.டு, வே.ர்' என்று வரும். பத்து வயதுப் பிள்ளை நான்கையும் நிரப்பிவிடும்.

அழிந்தது இரண்டிலும் நான்கு எழுத்துதான். ஓரிடத்தில் விழுந்த பெரிய அடியைப் பல இடங்களில் விழுந்த சிறு அடிகளாகப் பிரித்துவிட்டதுதான் வித்தியாசம். சிடி செய்வதும் இதுவே. 24 பைட் இசையை ஒரு பொட்டலமாக எடுத்து, அதோடு 8 பைட் திருத்த எண்களைச் சேர்த்து, ஒரே பொட்டலத்தின் பைட்டுகளை 109 பொட்டலங்களில் தூவிவிடுகிறது. தகட்டின் கோட்டில் அது சுமார் 18 மில்லிமீட்டர் நீளம். அதனால் கோட்டின்மேல் இரண்டரை மில்லிமீட்டர் வரை ஒரேயடியாக மறைந்துபோனாலும் அங்கே இருந்த ஒவ்வொரு எண்ணும் அப்படியே திரும்பக் கிடைத்துவிடும்.

அழுக்கான தகட்டை எப்படித் துடைக்க வேண்டும் என்பதற்கான காரணமும் இங்கேதான் இருக்கிறது. நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும். தட்டைத் துடைப்பதுபோல வட்டமாகத் தேய்க்கவே கூடாது. துணியிலிருக்கும் ஒரு மணல்துகள் நேராகக் கீறினால் அந்தக் கீறல் ஒவ்வொரு சுற்றையும் குறுக்கே வெட்டும். ஒவ்வொரு சுற்றிலும் சேதம் சிறியது, திருத்திவிடலாம். வட்டமாகக் கீறினால் கீறல் கோட்டோடு சேர்ந்தே ஓடி, அடுத்தடுத்த எண்களை மொத்தமாக அழிக்கும். இரண்டரை மில்லிமீட்டர் எல்லையை அது சுலபமாகத் தாண்டிவிடும்.

தாண்டினால் என்ன ஆகும்? சிடி பிளேயர் பாட்டை நிறுத்தாது. அழிந்த எண்ணுக்கு முன்னால் 5,200, பின்னால் 5,260 என்று இருந்தால், நடுவில் 5,230 இருந்திருக்கும் என்று ஊகித்துப் போட்டுக்கொள்ளும். உண்மையான எண் 5,241 ஆக இருந்திருக்கலாம். விநாடியில் நாற்பத்துநாலாயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு நடந்த இந்தச் சிறு மாற்றத்தை எந்தக் காதும் கண்டுபிடிக்காது. சேதம் இன்னும் பெரிதாக இருந்தால் ஒலியைச் சட்டென்று தணித்து மௌனமாக்கி, பிறகு எழுப்பும். பாட்டு கேட்பவருக்கு இது பெரிய உதவி. அதே பாட்டைக் காலத்துக்கும் சேமித்துவைக்க நினைப்பவருக்கு இது பெரிய இடர். ஊகித்த எண்ணும் உண்மையான எண்ணும் கோப்பில் ஒரே மாதிரித்தான் இருக்கும். எது எது என்று பிறகு பிரிக்க முடியாது.

கணினிக்கான தரவு சிடியில் இப்படி ஊகத்துக்கு இடம் தர முடியாது. ஒரு மென்பொருளில் ஓர் எண் மாறினாலும் அது இயங்காமல் போகலாம். அதனால் சிடி-ராம் உருவானபோது மூன்றாவதாக ஒரு திருத்த அடுக்கைச் சேர்த்தார்கள். விநாடிக்கு 75 துண்டுகள் என்பது இரண்டு வகைத் தகட்டுக்கும் பொது. பாட்டுத் தகட்டில் ஒரு துண்டின் 2,352 பைட்டும் இசைதான். தரவுத் தகட்டில் 2,048 பைட் மட்டும் தரவு. மீதி 304 பைட் முகவரிக்கும் பிழைதிருத்தத்துக்கும் போகிறது. 74 நிமிடத் தகட்டில் பாட்டாக எழுதினால் 78 கோடி பைட்டுக்கு மேல் அடங்கும். தரவாக எழுதினால் 68 கோடிதான். அந்தப் பத்துக் கோடி பைட்டைப் பாதுகாப்புக்குக் கொடுத்ததால்தான் தரவு சிடியை நகலெடுத்தால் அது சரியா தவறா என்று கணினிக்கே தெரிகிறது. பாட்டு சிடிக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை, ஒவ்வொரு துண்டிலும் அழுத்தமாக எழுதிய முகவரியும் இல்லை.

முகவரி இல்லாததன் விளைவு 1990-களில் தெரிந்தது. அன்றைய டிரைவ்களிடம் 'ஐயாயிரமாவது துண்டிலிருந்து கொடு' என்றால் சில சமயம் கொஞ்சம் முன்னாலிருந்தும் சில சமயம் கொஞ்சம் பின்னாலிருந்தும் கொடுத்தன. இடையில் நிறுத்தி மறுபடி படித்தால் ஒட்டுப்போட்ட இடத்தில் 'டிக்' என்று சத்தம் கேட்டது. அமெரிக்காவின் கிறிஸ்டோபர் மாண்ட்கோமரி லினக்ஸுக்காக எழுதிய 'சிடிபேரனாயா' என்ற மென்பொருள் இதற்கு வழிகண்டது. ஒவ்வொரு பகுதியையும் அடுத்த பகுதியோடு கொஞ்சம் மேலமர்த்திப் படித்து, பொதுவான இடம் எங்கே பொருந்துகிறது என்று பார்த்து ஒட்டியது. கோயில் கோபுரத்தை நான்கு புகைப்படமாக எடுத்து, ஒன்றின் ஓரத்தை மற்றதன் ஓரத்தோடு பொருத்தி ஒரே படமாக்குவதற்குச் சமமான வேலை. எதையும் நம்பாமல் திரும்பத் திரும்பச் சந்தேகப்படும் மனநிலையின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

அதே சந்தேகத்தை முழு முறையாக வளர்த்தவர் ஜெர்மனியின் ஆந்த்ரே வீட்ஹாஃப். 1998-இல் அவர் வெளியிட்ட 'எக்ஸாக்ட் ஆடியோ காப்பி' இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. ஒவ்வொரு பகுதியையும் குறைந்தது இரண்டு முறை படிப்பது அதன் அடிப்படை. இரண்டும் ஒன்றானால் அடுத்ததற்குப் போகும். வேறுபட்டால் அதே இடத்தை 16 முறை படித்து, அதில் 8 முறை ஒரே விடை வருகிறதா என்று பார்க்கும். வராவிட்டால் இன்னொரு 16 முறை. இப்படி ஐந்து சுற்று வரை முயலும்.

கீறல் விழுந்த தகட்டோடு அது மல்லுக்கு நிற்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் மூன்று பாட்டுகள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நான்காவது பாட்டின் நடுவில் டிரைவின் இரைச்சல் சட்டென்று இறங்கும். தகடு மெதுவாகச் சுற்றத் தொடங்கும். லேசர் முன்னும் பின்னும் நகரும் 'கிட் கிட்' ஒலி கேட்கும். திரையில் பிழைதிருத்தத்துக்கான வரிசையில் சிவப்புக் கட்டங்கள் ஒவ்வொன்றாகக் கூடும். முன்னேற்றப் பட்டை அசையவே அசையாது. இரண்டு விநாடி இசைக்கு அரைமணி நேரம் போனாலும் ஆச்சரியமில்லை. கடைசியில் ஓர் அறிக்கை வரும்: இந்தப் பாட்டில் இத்தனையாவது நிமிடம், இத்தனையாவது விநாடியில் சந்தேகம் என்று இடம் சுட்டிச் சொல்லும். அவசரமாக ரிப் செய்யும் சாதாரண மென்பொருள்கள் சொல்லாமல் விட்டுவிடும் செய்தி இதுதான். பிழை இருப்பதைவிடப் பிழை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இருப்பதுதான் பெரிய குறை.

இரண்டு முறை படித்து ஒப்பிடுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. டிரைவுக்குள் சிறிய தற்காலிக நினைவகம் இருக்கிறது. ஒருமுறை படித்ததை அது அதில் வைத்திருக்கும். மறுபடி கேட்டால் தகட்டைப் பார்க்காமல் அந்த நினைவிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். கரும்பலகையில் எழுதியதை மறுபடி பார்த்துச் சொல் என்றால், நோட்டில் தான் முதலில் எழுதியதையே பார்த்து ஒப்பிக்கும் மாணவன் மாதிரி. முதலில் தப்பாக எழுதியிருந்தால் நூறு தடவை கேட்டாலும் அதே தப்பு வரும். ஆகவே நல்ல மென்பொருள் நடுவில் வேறு பகுதியை நிறையப் படிக்கவைத்து அந்த நினைவை நிரப்பி அழித்துவிட்டு, பிறகுதான் பழைய இடத்தை மறுபடி கேட்கும்.

அதற்குப் பிறகும் ஐயம் தீராது. டிரைவின் ஊகம் ஒரு கணக்கு. ஒரே கீறல் ஒரே இடத்தில் ஒரே எண்களை அழித்தால், ஊகமும் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே வரலாம். எட்டு முறை ஒரே விடை வந்தும் எட்டும் தவறாக இருக்க வாய்ப்புண்டு. ஒரே சாட்சியை எத்தனை முறை விசாரித்தாலும் அது ஒரு சாட்சிதான். இன்னொரு சாட்சி வேண்டும்.

அந்தச் சாட்சிகளைத் திரட்டியதுதான் இந்தக் கதையில் எல்லோரும் அறிய வேண்டிய திருப்பம். ஒரு பாட்டின் எல்லா எண்களையும் கணக்கிட்டு, பதினாறடிமான முறையில் எட்டு இலக்கமுள்ள ஒரே குறியீடாகச் சுருக்கலாம். சுமார் 429 கோடி குறியீடுகள் சாத்தியம். ஓர் எண் மாறினாலும் குறியீடு மாறிவிடும். சிகாகோவில் ஒருவர் தன் தகட்டை ரிப் செய்து இந்தக் குறியீட்டைப் பொதுப் பட்டியலில் சேர்க்கிறார். டோக்கியோவில் இன்னொருவர் அதே ஆல்பத்தின் வேறு பிரதியை, வேறு டிரைவில் ரிப் செய்கிறார். இரண்டும் ஒன்றானால், இருவர் தகட்டிலும் ஒரே இடத்தில் ஒரே கீறல் விழுந்து ஒரே ஊகம் நடந்திருக்க வேண்டும். அல்லது இரண்டும் சரி. முதலாவது நடக்கவே நடக்காது என்று சொல்லிவிடலாம். இதுதான் 'அக்யூரேட்ரிப்' என்ற தரவுத்தளம். 'டிபிபவராம்ப்' மென்பொருளை உருவாக்கிய இல்லஸ்ட்ரேட் நிறுவனத்தின் படைப்பு. முன்பின் தெரியாத இசை ஆர்வலர்கள், பாட்டை அல்ல, பாட்டின் கைரேகையை மட்டும் பகிர்ந்துகொண்டு ஒருவருக்கொருவர் சாட்சி சொல்கிறார்கள். இணையத்தில் நடந்த கூட்டுமுயற்சிகளில் இது மிகவும் அழகான ஒன்று.

இந்த ஒப்பீடு நடக்க ஒரு தடையைத் தாண்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு டிரைவ் மாடலும் பாட்டைச் சரியான இடத்தில் தொடங்காமல், எப்போதும் ஒரே அளவு தள்ளித் தொடங்குகிறது. சில டிரைவ்களில் இந்தத் தள்ளல் 6 அளவீடுகள், சிலவற்றில் 30, வேறு சிலவற்றில் 667. 667 என்பதும் ஒரு விநாடியின் 66-இல் ஒரு பங்குதான். காதுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எண்கள் எல்லாம் நகர்ந்துவிடுவதால் குறியீடு முற்றிலும் மாறிவிடும். எனவே தெரிந்த தகடுகளை வைத்து ஒவ்வொரு மாடலின் தள்ளலையும் கண்டுபிடித்துப் பட்டியலிட்டார்கள். மென்பொருள் அதைக் கழித்துக்கொள்கிறது. எது உண்மையான தொடக்கம் என்பதிலேயே 30 அளவீடு பிசகியிருக்கிறது என்ற விவாதம் பின்னால் எழுந்தது. ஆனாலும் எல்லோரும் ஒரே தொடக்கத்தை வைத்து ஒப்பிட்டால் போதும் என்று பழையதையே வைத்துக்கொண்டார்கள். அது சரியான முடிவு.

கிரிகோரி சுடோவ் உருவாக்கிய 'கியூடூல்ஸ்' தரவுத்தளம் இன்னும் ஒரு படி மேலே போனது. அது குறியீட்டோடு சேர்த்து ரீட்–சாலமன் திருத்த எண்களையும் சேமித்துவைக்கிறது. கீறல் விழுந்த தகட்டில் சில இடங்கள் மீளவே இல்லை என்றால், உலகில் யாரோ நல்ல தகட்டிலிருந்து கணக்கிட்டு வைத்த அந்த எண்களைக் கொண்டு சேதத்தைச் சரிசெய்துவிடலாம். தகட்டுக்குள் இருந்த அதே 1960-ஆம் ஆண்டுக் கணிதம், இப்போது தகட்டுக்கு வெளியிலிருந்து அதைக் காப்பாற்றுகிறது.

பட்டியலில் இல்லாத தகடுகளும் உண்டு. குறைந்த எண்ணிக்கையில் வெளியான தமிழ்த் திரையிசை, கர்நாடக இசைத் தகடுகளுக்குப் பொருத்தம் கிடைக்காமல் போகலாம். அப்போது வேறொரு தயாரிப்பாளரின் டிரைவில் மறுபடி ரிப் செய்து இரண்டு குறியீடுகளையும் ஒப்பிடலாம். தகடு ஒன்றுதான் என்பதால் இது அவ்வளவு வலுவான சாட்சி இல்லை. ஆனாலும் ஒரே டிரைவை நம்புவதைவிடப் பல மடங்கு மேல். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பாட்டுக் கடைகளில் பதிந்து கொடுத்த சிடிகள் பல எம்பி3 கோப்புகளிலிருந்து எழுதப்பட்டவை. அவற்றை எவ்வளவு துல்லியமாக எடுத்தாலும் எம்பி3-இல் ஏற்கெனவே இழந்தது திரும்பாது. ஒலியின் அலைவரிசைப் படத்தைப் பார்த்தால், பெரும்பாலும் 16 கிலோஹெர்ட்ஸ் அருகே கத்தியால் வெட்டியதுபோல மேல்பகுதி இல்லாமல் இருக்கும்.

இப்படிப் போராடி எடுத்த எண்களை எந்த வடிவில் வைப்பது? எம்பி3 காதுக்குத் தெரியாது என்று கருதும் பகுதிகளை விட்டுவிடும். ஜாஷ் கோல்சன் எழுதி 2001-இல் முதல் பதிப்பு வெளியான 'ஃபிளாக்' எதையும் விடாது. அடுத்து வரும் எண் என்னவாக இருக்கும் என்று முந்தைய எண்களை வைத்துக் கணித்து, கணிப்புக்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதிவைக்கிறது. இசையில் ஒலி படிப்படியாகவே மாறுவதால் வித்தியாசம் சிறிய எண்ணாக இருக்கும், இடம் குறையும். விரிக்கும்போது கணிப்போடு வித்தியாசத்தைக் கூட்டினால் பழைய எண் அப்படியே வந்துவிடும். பெரும்பாலான தகடுகள் மூல அளவில் பாதி முதல் முக்கால் பங்காகச் சுருங்கும். 1950-களின் மோனோ பாடல்கள் இருக்கும் தகட்டில் இடமும் வலமும் துல்லியமாக ஒன்றே என்றால் ஒருபக்கத்தை மட்டும் வைத்தாலே போதும். கோப்பு இன்னும் சிறிதாகிவிடும். கோப்புக்குள் மூல எண்களின் கைரேகையும் சேர்ந்தே இருப்பதால், இருபது ஆண்டு கழித்துத் திறந்தாலும் ஓர் எண்கூட மாறவில்லை என்று ஒரே கட்டளையில் சோதித்துவிடலாம். ராகம், தானம், பல்லவி மூன்றையும் தனித்தனிப் பாட்டாகப் பிரித்த கச்சேரித் தகட்டை ஃபிளாக்கில் வைத்தாலும், ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் இடத்தில் நூலிழை இடைவெளியும் இல்லாமல் தம்புரா ஓடிக்கொண்டே இருக்கும்.

தொடக்ககாலத் தகடுகளில் மட்டும் ஒரு கண்ணி இருக்கிறது. 1980-களின் சில தகடுகளில், குறிப்பாக ஜப்பானில் அச்சானவற்றில், உயர்சுருதி ஒலிகளை வேண்டுமென்றே உயர்த்திப் பதிந்தார்கள். மிக உயர்ந்த சுருதிகளில் அந்த உயர்வு 10 டெசிபெலை நெருங்கும். பிளேயர் அதற்கான அடையாளத்தைப் பார்த்து, பாடும்போது அதே அளவு தணித்துவிடும். ரிப் செய்யும் மென்பொருள் அடையாளத்தைக் கவனிக்காவிட்டால் எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் பாட்டு கீச்சென்று கேட்கும். ஜால்ராவும் சிம்பலும் காதைக் குத்தும். அடையாளம் தகட்டின் பொருளடக்கத்தில் இல்லாமல் பாட்டோடு ஓடும் துணைத்தடத்தில் மட்டும் இருப்பதும் உண்டு. பழைய ஜப்பானியத் தகடு வைத்திருப்பவர்கள் இரண்டையும் பார்க்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவ்வளவு சிரமம் இன்று எதற்கு, எல்லாப் பாட்டும் கைப்பேசியில் கிடைக்கிறதே என்று கேட்கலாம். கிடைப்பது பெரும்பாலும் பிற்காலத்தில் ஒலியைக் கூட்டி மெருகேற்றிய பதிப்பு. மெல்லிய இடத்துக்கும் ஓங்கிய இடத்துக்கும் இருந்த இடைவெளி அதில் குறைந்துவிடுகிறது. ஒரு பாட்டு வெளியான காலத்தில் எப்படி ஒலித்தது என்பதற்கு அந்தக் காலத்துத் தகடுதான் ஆவணம். அந்த ஆவணம் நிலையானதும் இல்லை. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரிலிருந்த பிலிப்ஸ்–டூபாண்ட் ஆலையில் 1980-களின் இறுதியிலும் 1990-களின் தொடக்கத்திலும் அச்சான பல தகடுகளின் லாக்கர் பூச்சு, உறைத்தாளில் இருந்த கந்தகத்தைத் தடுக்கவில்லை. உள்ளிருந்த வெள்ளிப் பூச்சு கறுத்தது. தகடுகள் விளிம்பிலிருந்து வெண்கல நிறமாக மாறி, பிறகு பாடாமலே போயின. கணினியில் எழுதும் சிடி-ஆர் தகடுகள் சாயத்தை நம்பியிருப்பவை. அவை இன்னும் பலவீனமானவை. நம் ஊர் வெப்பமும் கடற்கரை நகரங்களின் ஈரப்பதமும் எந்தத் தகட்டுக்கும் நல்லதில்லை. இன்னொரு பக்கம், புதிய மடிக்கணினிகளில் சிடி டிரைவே வருவதில்லை. தகடும் மங்குகிறது, அதைப் படிக்கும் கருவியும் குறைகிறது.

பளபளக்கும் அடிப்பக்கத்தைத்தான் எல்லோரும் பத்திரமாகப் பார்த்துக்கொள்கிறோம். உண்மையில் பலவீனமானது படம் அச்சிட்ட மேல்பக்கம். லேசர் படிக்கும் பக்கத்தில் உலோகத்துக்கு முன்னால் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. அதில் விழும் கீறலை மெருகேற்றிக்கூடச் சரிசெய்யலாம். மேல்பக்கத்தில் இருப்பது மெல்லிய லாக்கர் மட்டும். பால்பாயின்ட் பேனாவால் பெயர் எழுதினாலே உலோகம் பெயர்ந்துவிடலாம். பெயர்ந்த இடத்தில் இருந்த இசை எந்த டிரைவுக்கும் எட்டாது.

வீட்டு அலமாரியில் சிடிகள் இருந்தால் இந்த வாரமே ஒவ்வொன்றாக எடுத்து, அச்சிட்ட பக்கம் உங்களைப் பார்க்கும்படி விளக்கு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவில் புள்ளிபுள்ளியாக வெளிச்சம் ஊடுருவினாலோ, விளிம்பில் பழுப்பேறியிருந்தாலோ அந்தத் தகட்டைத் தனியே வையுங்கள். ரிப் செய்யும் வரிசையில் அதுதான் முதலாவது.